குடேயா எங்கள் பாட்டனா?

லண்டனுக்கு உறவினர் வந்தால் நாம் கூட்டிச் செல்லும் இடங்கள் அநேகமாக ஒரே ஒழுங்கில்தான் இருக்கும். முதலில் ஒரு கோயில், பிறகு பக்கிங்ஹாம் மாளிகையின் வாசல், பிறகு தேம்ஸ் நதிப் பாலம், மழை பெய்தால் பிரித்தானிய நூதனசாலை. உள்ளே போகக் காசு கேட்கமாட்டார்கள் என்பதும் அதற்கு ஒரு காரணம். அப்படியான ஒரு மழைநாளில், ஊரிலிருந்து வந்திருந்த மாமியையும் கனடாவிலிருந்து வந்திருந்த பிள்ளைகளையும் அழைத்துக்கொண்டு மேல்மாடியிலுள்ள மெசப்பொத்தேமியக் கூடத்துக்குப் போயிருந்தோம். அங்கே கருங்கல்லில் ஒரு மனிதன் நிற்கிறான். மொட்டைத்தலை, ஒன்றோடொன்று சேர்ந்த புருவம், அகன்ற கண், ஒரு தோள் திறந்திருக்க மறுதோளில் வழியும் சால்வை, மார்பின் கீழே கோத்துக்கொண்ட கைகள். இடுப்புக்குக் கீழே உடைந்துபோய்விட்டது. லகாஷ் என்ற சுமேரிய அரசை ஏறத்தாழ 4,100 ஆண்டுகளுக்கு முன் ஆண்ட குடேயா அவன்.

மாமி அவன் முன்னால் நின்றுவிட்டார்.

"இஞ்ச பாருங்கோ, எங்கட அப்புவின்ர முகம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். எங்களுடன் வந்திருந்த அண்ணர் ஒருவர் சிரிக்கவில்லை. "அப்பு மாதிரி எண்டு சொல்லாதேங்கோ மாமி. அப்புவேதான். சுமேரியர் தமிழர். உதை வெள்ளைக்காரனே எழுதி வைச்சிருக்கிறான்" என்றார். பிள்ளைகளில் மூத்தவள் உடனே தன் குறிப்புப் புத்தகத்தில் அதை எழுதிக்கொண்டாள். நாம் ஒன்றும் பேசவில்லை. பேசாமல் விட்டது சரியா என்ற கேள்வி பல நாட்களாக எம்மைத் தொந்தரவு செய்தது. இந்தக் கட்டுரை அந்த மௌனத்துக்கு நாம் செய்யும் பரிகாரம்.

முதலில், வெள்ளைக்காரன் எழுதினானா? எழுதினான். பிரித்தானிய நூதனசாலையிலேயே பணியாற்றிய எச். ஆர். ஹோல் என்பவர் 1913இல் வெளிவந்த தமது அண்மைக் கிழக்கின் பண்டைய வரலாறு பற்றிய நூலில், சுமேரியச் சிலைகளிலும் புடைப்புச் சிற்பங்களிலும் தெரியும் முகவெட்டு தென்னிந்தியத் திராவிடரின் முகவெட்டை ஒத்திருக்கிறது என்று வாதிட்டார். அதே ஹோல்தான் 1919இல் ஊர், எரிது, அல் உபைத் ஆகிய இடங்களில் அகழ்வு நடத்தியவர். எனவே எமது அண்ணர் காற்றில் பேசவில்லை. அவர் நின்று பேசிய கட்டடத்திலிருந்து புறப்பட்ட கருத்து ஒன்று, ஒரு நூற்றாண்டு சுற்றி வந்து, அதே கட்டடத்தில் அவர் வாயால் திரும்ப ஒலித்தது.

ஆனால் ஹோல் எந்தக் காலத்தில் நின்று அதை எழுதினார் என்பதை மறந்துவிடலாகாது. மண்டையோட்டை அளந்து மனிதனைப் பிரித்த காலம் அது. மூக்கின் நீளத்தைக் கொண்டு ஒருவனை ஆளப் பிறந்தவன் என்றும் இன்னொருவனை ஆளப்படப் பிறந்தவன் என்றும் தீர்ப்பெழுதிய காலம். அந்த அளவுகோல் எம்மைப் பற்றிப் பிற இடங்களில் என்ன சொன்னது என்பதை நாம் அறிவோம். அங்கே அதை நிராகரித்துவிட்டு, எமக்குச் சாதகமாக ஒரு வரி சொன்ன இடத்தில் மட்டும் கையெடுத்துக் கும்பிடுவது நேர்மையாகுமா?

முகத்தையே எடுத்துக்கொள்வோம். குடேயாவின் சிலைகள் இன்று பல நாடுகளில் இருக்கின்றன. பெரும்பாலானவை பாரிஸ் லூவரில். தலையுள்ள சிலைகளைப் படத்திலாவது வரிசையாக வைத்துப் பார்ப்பவர்களுக்கு ஒன்று விளங்கும்: அதே புருவம், அதே கண், அதே கோத்த கை. இது ஒரு மனிதனை முன்னே இருத்திப் பார்த்துச் செதுக்கிய சாயல் அல்ல. நல்ல அரசன் எப்படித் தோன்றவேண்டும் என்று அந்தப் பட்டறை வைத்திருந்த இலக்கணம். அகன்ற கண் தெய்வத்தின் மேல் வைத்த கவனத்தைச் சொல்வது. திரண்ட புயம் தெய்வம் கொடுத்த பலத்தைச் சொல்வது. எமது சிற்பியும் இப்படித்தானே செய்தான்? சோழர் காலத்துச் செப்புத் திருமேனியின் மூக்கை அளந்து, அந்தக் காலத்துத் தஞ்சாவூர்க்காரனின் மூக்கு இப்படி இருந்தது என்று யாராவது எழுதினால் நாம் சிரிக்கமாட்டோமா?

அடுத்தது மொழி. "ஊர்" என்றொரு நகரமே அங்கே இருக்கிறதே என்பார்கள். அந்நகரைச் சுமேரியர் உரிம் என்றே அழைத்தார்கள். நகரம் என்பதற்கு அவர்களிடம் உரு அல்லது இரி என்று வாசிக்கப்படும் சொல் உண்டு. அது எமது ஊரை நினைவூட்டுவது உண்மை. தாய்க்கு அவர்கள் சொன்னது அமா. அதுவும் உண்மை. ஆனால் "ஊர்" என்று எம் காதுக்கு இனிக்கும் அதே ஒலிக்குச் சுமேரியத்தில் நாய் என்றும் பொருள் உண்டு என்பதை எந்த மேடையிலும் எவரும் சொல்லி நாம் கேட்டதில்லை. ஒன்று முதல் ஐந்துவரை அவர்கள் எண்ணியது திஷ், மின், எஷ், லிம்மு, இயா என்று. ஐந்தில் மட்டும் கொஞ்சம் ஒலி ஒத்துவரும். மற்ற நான்கையும் என்ன செய்வது? உலகத்தில் எந்த இரண்டு மொழிகளை எடுத்தாலும் தற்செயலாக ஒத்த ஒலியுள்ள சொற்கள் பத்துப் பதினைந்து அகப்படும். உறவு என்று சொல்வதற்கு ஒலிமாற்றங்கள் ஒழுங்காகத் திரும்பத் திரும்ப வரவேண்டும். எண்ணும் சுட்டும் வினைவிகுதியும் சாட்சி சொல்லவேண்டும். அப்படியான சாட்சி ஆய்வுலகம் ஏற்கும் அளவில் இதுவரை வரவில்லை. சுமேரியம் உறவு தெரியாத தனிமொழி என்பதே இன்றும் பொதுவான முடிவு.

இந்த இடத்தில் எம்மவர் ஒருவரை மரியாதையுடன் நினைவுகூர வேண்டும். இலங்கைத் தமிழறிஞர் ஆ. சதாசிவம் 1965இல் சுமேரியம் ஒரு திராவிட மொழி என்ற முடிவை நிறுவ முயன்று ஆங்கிலத்தில் எழுதினார். அந்த முடிவு ஏற்கப்படவில்லை. ஆனால் அவர் சொற்பட்டியலோடும் இலக்கணத்தோடும் மல்லுக்கட்டினார். தவறு காட்டப்படக்கூடிய விதத்தில் எழுதினார். அதுதான் அறிவுழைப்பு. இன்று மேடைகளில் அவரது முடிவை மட்டும் தூக்கிப் பிடிப்பவர்கள் அவரது உழைப்பைத் தொட்டும் பார்ப்பதில்லை. முடிவை ஏற்காவிடினும் அவருடைய உழைப்பை மதிக்கலாம். முடிவை ஏற்றுக்கொண்டு உழைப்பை மறப்பதுதான் அவருக்குச் செய்யும் அவமரியாதை.

சரி, முகமும் இல்லை, மொழியும் இல்லை என்றால் மாமியின் வாயிலிருந்து அந்தச் சொல் எப்படி வந்தது? அவர் எந்தப் புத்தகமும் வாசித்தவரல்லர். அவர் கண்டது முகத்தை அல்ல என்பதே எமது எண்ணம். அவர் கண்டது நிற்கும் விதத்தை. திறந்த மார்பும் ஒரு தோளில் சால்வையுமாய், கையைக் கோத்துக்கொண்டு, பூசை முடியும்வரை அசையாமல் மூலஸ்தானத்தைப் பார்த்தபடி நிற்கும் மனிதனை. அவர் சொன்னது தவறான வம்சாவளியாக இருக்கலாம். ஆனால் சரியான கலை விமர்சனம்.

ஏனென்றால் இந்தச் சிலைகள் செய்யப்பட்டதே அதற்காகத்தான். இவை சந்தியில் நிறுத்தி மக்கள் அண்ணாந்து பார்ப்பதற்கான சிலைகள் அல்ல. கோயிலுக்குள்ளே, தெய்வத்தின் முன்னால், அரசனுக்குப் பதிலாக இரவும் பகலும் நின்று வேண்டிக்கொண்டிருப்பதற்காகச் செய்யப்பட்டவை. லூவரில் மடியில் கட்டட வரைபடத்தை வைத்துக்கொண்டு தலையில்லாமல் அமர்ந்திருக்கும் குடேயாவின் உடல் முழுவதும் எழுத்து. நின்கிர்சு தெய்வத்துக்கு எனின்னு என்னும் கோயிலைக் கட்டிய கதை அதில் இருக்கிறது. அமானுஸ் மலைகளிலிருந்து தேவதாரு வந்தது, மகான் நாட்டிலிருந்து, அதாவது இன்றைய ஓமானிலிருந்து, இந்தக் கருங்கல் வந்தது என்ற விபரம் இருக்கிறது. இந்தச் சிலை வெள்ளியல்ல, நீலக்கல்லல்ல, செம்பல்ல, வெண்கலமல்ல, கல்தான், எனவே எவரும் இதை வேறொன்றாக ஆக்கிவிட முடியாது என்ற பொருளில் ஒரு பகுதி வருகிறது. உருக்கக்கூடியது எதுவும் நிலைக்காது என்று அந்த மனிதனுக்குத் தெரிந்திருக்கிறது.

இன்னும் இருக்கிறது. சிலைக்கு நாள்தோறும் என்ன படைக்கவேண்டும் என்ற கணக்கு: ஏறத்தாழ ஒரு லீற்றர் பியர், ஒரு லீற்றர் அளவு ரொட்டி, அரை லீற்றர் மா, அரை லீற்றர் குற்றிய தானியம். இதை நிறுத்துகிறவனுக்குச் சாபம். பெயரை அழிக்கிறவனுக்குச் சாபம். நிவந்தத்தை எழுதி, இதற்குத் தீங்கு செய்வோர் கங்கைக்கரையில் பசுவைக் கொன்ற பாவத்தில் போவார் என்று முடிக்கும் எங்கள் கல்வெட்டுகளை வாசித்துப் பழகியவர்களுக்கு இது எவ்வளவு கிட்டிய குரல்! மதுரைப் புது மண்டபத்தில் திருமலை நாயக்கர் கைகூப்பிக் கல்லாய் நிற்கிறார். அவர் நிற்பதும் அதே வேலைக்குத்தான். குடேயாவுக்கும் அவருக்கும் இடையே 3,700 ஆண்டுகளுக்கு மேல். இரத்தம் ஒன்றல்ல, மொழி ஒன்றல்ல. பயம் ஒன்று: நான் இல்லாதபோது எனக்காக யார் நிற்பார்கள்?

இந்த ஒற்றுமையைக் கண்டவுடன் அரசனின் பக்தியில் உருகிவிடுவதும் ஆபத்துத்தான். அதே கல்லில் குடேயா, அநாதையைச் செல்வனிடமும் விதவையைப் பலசாலியிடமும் ஒப்படைக்கவில்லை என்றும், ஆண்மகவில்லாத வீட்டில் பெண்ணை உரித்தாளியாக்கினேன் என்றும் சொல்கிறான். நல்ல வார்த்தைகள். ஆனால் எந்த ஆட்சியாளன் தன் கல்லில் இதற்கு மாறாக எழுதினான்? மகானிலிருந்து கல்லை இறக்கித் தோளில் சுமந்தவனின் பெயர் எந்தச் சிலையின் முதுகிலும் இல்லை. பாட்டனைத் தேடும் எம்மவர் எல்லோரும் அரசனாகவே தேடுவது ஏன்? கல் சுமந்தவனை ஒருவராவது பாட்டன் என்று சொந்தம் கொண்டாடக் காணோம்.

இனி, இந்தச் சிலைகள் இங்கே வந்த கதை. பஸ்ராவில் பிரெஞ்சுத் துணைத் தூதராக இருந்த எர்னஸ்ற் து சார்செக் 1877இல் தெல்லோ என்ற மேட்டில் தோண்டத் தொடங்கினார். அதுதான் லகாஷ் அரசின் புனித நகரான கிர்சு. அங்கிருந்து சிலைகள் பாரிசுக்குப் போயின. பிறகு 1924இல் அதே மேட்டில் களவாகத் தோண்டியவர்களின் கையிலிருந்து இன்னும் சில சிலைகள் சந்தைக்கு வந்தன. சந்தைவழி வந்தவற்றில் எது அசல், எது போலி என்ற வாதமும் கூடவே வந்தது. பிரித்தானிய நூதனசாலை எங்கள் மாமியின் "அப்பு"வை வாங்கியது 1931இல். குடேயாவின் மகன் ஊர்நின்கிர்சுவின் கதை இன்னும் விசித்திரம். அவனது சிலையின் தலை நியூயோர்க்கில், உடல் பாரிசில். 1974இல் இரு நூதனசாலைகளும் ஒப்பந்தம் செய்து, இரண்டையும் பொருத்தி மாறிமாறி வைத்திருக்கின்றன. தாய் ஸ்கார்பரோவிலும் தகப்பன் ஊரிலும் பிள்ளைகள் லண்டனிலுமாய், ஒருவரையொருவர் முறைவைத்துப் போய்ப் பார்க்கும் குடும்பங்களுக்கு இதில் விளங்காதது ஒன்றுமில்லை.

இடம்பெயர்வு அத்தோடு நிற்கவில்லை. குடேயாவுக்கு ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகளுக்கு முன் அதே லகாஷை ஆண்ட என்மெத்தேனாவின் தலையற்ற கற்சிலை பாக்தாத் நூதனசாலையில் இருந்தது. 2003 ஏப்ரலில், அமெரிக்கப் படைகள் நகருக்குள் நுழைந்த நாட்களில், காவலற்றுக் கிடந்த அந்த நூதனசாலை சூறையாடப்பட்டபோது அதுவும் போயிற்று. 2006இல் அமெரிக்காவில் மீட்கப்பட்டு, பின்னர் பாக்தாத் திரும்பியது. அந்தச் செய்தி வந்த நாட்களில் 1981ஐ நினைக்காத யாழ்ப்பாணத்தார் இருந்திருக்க முடியாது. நூலகம் எரிந்த அந்த நாட்களில் எங்கள் நகரத்தில் சிலைகளும் உடைக்கப்பட்டன. பறிகொடுத்தவர்கள் என்ற வகையில் ஈராக்கியரோடு எமக்கு ஓர் உறவு உண்டு. ஆனால் சுமேரியரைப் பாட்டன் என்று கொண்டாடும் எமது மேடைகளில் ஓர் ஈராக்கியரையாவது அழைத்து உட்காரவைத்தோமா? அந்த மண்ணிலே பிறந்து, அந்த மேட்டின் அயலிலே வாழ்ந்து, அகதியாய் இதே லண்டனில் எமக்குப் பக்கத்துத் தெருவில் இருப்பவனைக் கேட்காமல் அவனுடைய மண்ணின் மூதாதையை எமதாக்குவது எந்த நியாயம்? எங்கள் மண்ணிலிருந்து கிடைத்ததை வேறொருவன் வந்து தன் பாட்டனுடையது என்று சொல்லும்போது நாம் என்ன பாடுபடுகிறோம்!

இதைவிடக் கசப்பான ஒன்றையும் சொல்லவேண்டும். அதே நூதனசாலையில், ஆசியக் கூடத்தில், பொன்முலாமிட்ட வெண்கலத்தில் தாரா தேவி நிற்கிறாள். ஏறக்குறைய ஆளுயரம். எட்டாம் நூற்றாண்டு அளவிலானவள். திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையே கிழக்குக் கரையில் கிடைத்தவள். இலங்கையின் ஆளுநராயிருந்த றொபேட் பிரவுண்றிக் 1830இல் நூதனசாலைக்குக் கொடுத்தார். உலகம் வியக்கும் வார்ப்பு. எமது கரையில் எடுக்கப்பட்டவள். அன்று நாம் அவளையும் காட்டினோம். அண்ணர் ஒரு கணம் நின்றார். "இது புத்த சமயச் சிலை. இது அவையின்ரை" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

எங்களை உண்மையில் துயரப்படுத்தியது அதுதான். நாலாயிரம் ஆண்டுகளுக்கு முன் வேறொரு நாட்டில், வேறொரு மொழி பேசி வாழ்ந்த அரசன் எங்களுடையவன். எங்கள் கரையோரம் எடுக்கப்பட்டவள் எங்களுடையவள் அல்ல! தமிழர் பௌத்தராயும் இருந்தார்கள், மணிமேகலையைத் தந்தவர்கள் தமிழர்கள் என்பதெல்லாம் பள்ளிக்கூடத்தில் படித்த பாடமாகவே போய்விட்டது. பௌத்தம் என்றால் மற்றவனுடையது என்று எதிரில் நிற்பவன் சொல்கிறான். நாமும் ஆமோதித்து எங்கள் வீட்டிலிருந்தே ஒரு பெண்ணை வெளியே அனுப்பிவிடுகிறோம். தூரத்துப் பெருமையைத் தேடும் கண்ணுக்குக் கிட்ட உள்ளது தெரியாமற் போவது இப்படித்தான்.

அப்படியானால் குடேயாவின் கூடத்தில் எமக்கு ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. குடேயாவின் கல்வெட்டுகள் மெலுஹ்ஹா என்றொரு தூரதேசத்தைப் பேசுகின்றன. அங்கிருந்து பொன்னும் அரிய மரமும் செந்நிறமணியும் வந்தன. மெலுஹ்ஹா என்பது சிந்துவெளிப் பக்கம் என்பது பெரும்பாலான ஆய்வாளரின் முடிவு. ஊர் நகரத்தின் அரச கல்லறைகளில் கிடைத்த செந்நிறமணிகளில் சிந்துவெளிக் கைவேலை தெரிகிறது. லூவரில் ஓர் உருளை முத்திரை உண்டு. அதன் சொந்தக்காரன் ஷு-இலிஷு, மெலுஹ்ஹா மொழியின் மொழிபெயர்ப்பாளன். சிந்துவெளி மொழி தமிழின் மூதாதை என்றும் சுமேரியம் தமிழ் என்றும் ஒரே மூச்சில் சொல்பவர்கள் இந்தச் சிறு முத்திரையின் முன் சற்று நிற்கவேண்டும். சுமேரியம் வழங்கிய நாட்டில் மெலுஹ்ஹாக்காரனுக்கு மொழிபெயர்ப்பாளன் தேவைப்பட்டிருக்கிறான். சிந்துவெளி மொழி திராவிடமா என்பதும் இன்னும் முடியாத வழக்கு, எழுத்து வாசிக்கப்படவில்லை.

குடேயாவுக்குச் சில தலைமுறைகளின் பின், அவனது லகாஷ் நிலத்திலேயே "மெலுஹ்ஹாக் குடியிருப்பு" என்ற பெயரில் ஒரு கிராமம் இருந்ததைக் களிமண் பலகைகள் சொல்கின்றன. கோயிலுக்கு அது தானியம் அளந்தது. அதனோடு தொடர்புபட்டவர்களின் பெயர்கள் சுமேரியப் பெயர்கள். தூரதேசத்திலிருந்து வந்து குடியேறியவர்களின் வழிவந்தவர்கள், ஊர்ப்பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தம் பெயரை மாற்றிக்கொண்டார்கள் போலும். ஈஸ்ற்ஹாமிலும் வெம்பிளியிலும் பிள்ளைகளுக்குப் பெயர் வைத்த நாங்கள் இந்தக் கிராமத்தைப் பற்றி அல்லவா பேசியிருக்கவேண்டும்? அவர்கள் எங்கள் பாட்டன்மார் என்பதற்காக அல்ல. எங்கள் நிலைமையில் இருந்தவர்கள் என்பதற்காக.

குடேயா என்ற பெயருக்கு "அழைக்கப்பட்டவன்" என்று பொருள். தெய்வத்தால் அழைக்கப்பட்டவன். இந்நாட்டுக்கு வந்த புதிதில் ஏதோவொரு அலுவலகத்தின் பிளாஸ்ரிக் கதிரையில், எங்கள் பெயரைத் தப்பாகவேனும் அழைக்கமாட்டார்களா என்று கைகளைக் கோத்துக்கொண்டு காத்திருந்தவர்கள் நாங்கள். பக்கத்தில் மொழிபெயர்ப்பாளர் ஒருவர். அந்த நாட்களில் எம்மில் எவரைக் கல்லில் செதுக்கியிருந்தாலும் ஏறத்தாழ இப்படித்தான் வந்திருக்கும்.

அண்ணருக்குப் பிடித்த "அமா"வைக்கொண்டே முடிக்கிறோம். சுமேரியத்தில் அமர்கி என்றொரு சொல் உண்டு. கடனுக்கு அடிமைப்பட்டவர்களை விடுவிப்பதை அது குறித்தது. சொல்லுக்குச் சொல் பார்த்தால் "தாயிடம் திரும்புதல்". பிள்ளையைத் தாயிடம் திருப்பியதாக என்மெத்தேனாவின் கல்வெட்டு பெருமைப்படுகிறது. அமா என்பது அம்மாவா என்ற ஆராய்ச்சியில் எங்கள் மேடைகள் எத்தனையோ மாலைகளைச் செலவழித்திருக்கின்றன. விடுதலை என்பதற்கு அந்த மக்கள் வைத்த பெயர் வீடு திரும்புதல் என்பதை நாம் அறிந்தவரை எந்த மேடையும் சொல்லவில்லை.

கனடாவுக்குத் திரும்பிய மூத்தவளுக்கு நாம் ஒரு கடிதம் எழுதினோம். குறிப்புப் புத்தகத்தில் எழுதியதை வெட்டவேண்டாம், அதன் பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போடு என்று. தாராவைப் பற்றியும் ஒரு பக்கம் எழுதச் சொல்லியிருக்கிறோம்.